ஹார்லனின் கைக்கு வந்த குருவி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்களுக்கு எங்கள் ஊரில் இரண்டே வழிதான். உறைந்து கிடக்கும் ஏரியில் ஓட்டை போட்டு மீனுக்காக உட்கார வேண்டும், அல்லது கொல்லைப்புறத்தில் தீனி நிரப்பிய விதைக்குழாயைத் தொங்கவிட்டுப் பறவைக்காக உட்கார வேண்டும். என் வீட்டுக்காரர் ஹார்லனுக்கு மீன் நாற்றம் ஆகாது. அதனால் பறவைகளுக்கு வந்தது வினை.

ஹார்லன் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பிரின்சிபாலாக இருந்தவர். ஊரில் அறுபது வயதுக்குக் கீழே யாரை எடுத்தாலும் ஒரு தடவையாவது அவர் அறைக்கு வெளியே இருந்த மரபெஞ்சில் உட்கார்ந்து வியர்த்தவர்கள்தான். பாங்க் மேனேஜர், பல் டாக்டர், சர்ச்சில் பாஸ்டராக இருக்கும் கரின் என்று ஒருவர் பாக்கி இல்லை. இன்றைக்கும் கடையில் அவரைப் பார்த்தால் நரைத்த தலையோடு பீர் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அவர் மிஸ்டர் லிண்டால். அவரை ஹார்லன் என்றும் நீ, வா, போ என்றும் கூப்பிட இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

அவரிடம் ஒரு தொண்டைக் கனைப்பு உண்டு. அந்தக் காலத்தில் அவர் ஒரு தடவை கனைத்தால் பள்ளி நடைபாதை முழுக்கக் காலியாகிவிடும். வேலை போய்விட்டது, கனைப்பு மட்டும் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தான் கனைப்பதே அவருக்குத் தெரியாது. சொன்னால் சண்டைக்கு வருவார்.

பக்கத்து வீட்டில் டுவேன் கோஸ்கி இருக்கிறான். குழாய் ரிப்பேர் வேலை. படிக்கிற காலத்தில் இவர் அவனைப் பலமுறை பள்ளியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார். அவன் கொல்லையில் வந்து நின்றாலே போதும், சிக்கடிக் குருவிகள் அவன் தொப்பியில் உட்காரும், தோளில் உட்காரும், உதட்டில் வைத்திருக்கும் விதையைக்கூடக் கொத்திக்கொண்டு போகும். தலையில் கருப்புத் தொப்பி போட்ட மாதிரி இத்தனூண்டு குருவி அது. இந்தக் குளிரில் அது உயிரோடிருப்பதே அதிசயம், அதில் டுவேனோடு கொஞ்சல் வேறு. இதையெல்லாம் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து ஹார்லன் ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டு ஓட்ஸ் கஞ்சியைக் கிளறுவார். சாப்பிட மாட்டார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். “அந்தக் கஞ்சி உன்னை என்ன பண்ணிச்சு?”

“லவான், ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு தடவை. தானா வந்து என் கையில உக்காரணும்.”

“உக்காந்தா என்ன ஆகும்?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “முப்பது வருஷத்துல என் ரூமுக்கு ஒருத்தர்கூடத் தானா வந்தது கிடையாது. கூப்பிட்டு அனுப்பினாத்தான் வருவாங்க. சோன்யாவும் அப்படித்தான். கிறிஸ்மஸுக்கு நாம கூப்பிட்டா வர்றா. தானா ஒரு போன் பண்ணுவாளா?”

சோன்யா எங்கள் மகள். காரில் இரண்டு மணி நேரத் தூரம்தான். ஹார்லன் இந்த மாதிரி பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு மனசு கலங்கிவிட்டது. கலங்கியதைக் காட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் அவருடைய பழைய பைஜாமாவை எடுத்துக்கொண்டு வைக்கோல் வாங்கக் கிளம்பினேன்.

பறவைகளைக் கைக்குப் பழக்க இங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். விதைக்குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு பொம்மையை உட்கார வைக்க வேண்டும். உங்கள் கோட்டு, உங்கள் தொப்பி, கையுறையில் ஒரு பிடி சூரியகாந்தி விதை. குருவிகள் பொம்மைக்கு நன்றாகப் பழகியதும், ஒருநாள் பொம்மையை எடுத்துவிட்டு அதே உடுப்பில் நீங்கள் போய் உட்கார வேண்டும். அதுகளுக்கு வித்தியாசம் தெரியாதாம்.

வைக்கோல் ஹார்லனுக்கும் இந்த ஊருக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போய்விட்டது. சிக்கடிகள் அவர் மடியிலேயே குடியிருந்தன. ஒரு மரங்கொத்தி அவர் மூக்கைச் சோதித்துப் பார்த்தது. டுவேன் தினமும் காலையில் சிகரெட்டை மறைத்துக்கொண்டு, “குட் மார்னிங், மிஸ்டர் லிண்டால்” என்று பொம்மையைப் பார்த்து நிமிர்ந்து நிற்பான். எனக்கும் அந்த ஆளைப் பிடித்துப்போனது. பாத்திரம் அடுக்கியது சரியில்லை என்று சொல்லாத ஹார்லனோடு நான் வாழ்ந்ததே கிடையாது.

பிறகு அசல் ஹார்லன் போய் உட்கார்ந்தார். மூக்குமுடியும் உறைகிற குளிர். குருவிகள் புதருக்கு வந்தன, வேலிக்கு வந்தன, ஒன்று கையுறைக்கு ஒரு முழம் தூரம் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது இவர் ஒரு கனைப்பு கனைத்தார். அவ்வளவுதான், பக்கத்து வீட்டுக் கொல்லை வரைக்கும் காலி.

“கனைச்சிட்டியே, பாவி மனுஷா!” என்று ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

“நான் எங்க கனைச்சேன்? நீ ஜன்னலைத் திறந்தே, அதான் பறந்துபோச்சு.”

ஜனவரி முழுக்க இந்தக் கூத்து நடந்தது. அவருக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம்.

பிப்ரவரியில் சிஸ்கின் குருவிகள் வந்து இறங்கின. உடம்பெல்லாம் பழுப்புக் கோடு, இறக்கையில் ஒரு கீற்று மஞ்சள். வடக்கே காட்டில் தீனி குறைந்த வருடங்களில் கூட்டம் கூட்டமாக வரும். அதுகள் வந்த கொஞ்ச நாளிலேயே ரேடியோவிலும் சொன்னார்கள், எங்கள் பறவைச் சங்கத்திலும் சொன்னார்கள்: சிஸ்கின்களுக்கு ஒரு வயிற்று நோய் பரவுகிறது, ஒன்றின் எச்சம் பட்ட விதையை இன்னொன்று தின்று கொத்துக் கொத்தாகச் சாகின்றன, எல்லாரும் விதைக்குழாயை இறக்கிக் கழுவிக் கொஞ்ச நாளைக்கு உள்ளே வையுங்கள் என்று. டுவேன் அன்றைக்கே இறக்கிவிட்டான். தெருவே இறக்கிவிட்டது.

“நாமளும் இறக்கிடலாமே, ஹார்லன்.”

“அதெல்லாம் தெக்க, சிட்டி ஆளுங்களுக்குச் சொல்றது. அவங்க குழாயைக் கழுவுறதே இல்ல. நம்ம குழாய் சுத்தம்.”

“நீ எப்போ கழுவினே?”

“பனி விழறதுக்கு முன்னாடி.”

எங்கள் ஊரில் அக்டோபரிலேயே பனி விழுந்துவிடும்.

மற்ற வீட்டுக் குழாய்கள் எல்லாம் உள்ளே போனதும் ஊரிலிருந்த அத்தனை பறவையும் எங்கள் கொல்லைக்கு வந்தது. ஹார்லன் ஜன்னலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். “பாத்தியா, லவான்! டுவேன் வீட்டுக் கூட்டமெல்லாம் நம்ம பக்கம் கட்சி மாறிடுச்சு!”

“மத்த கடையெல்லாம் பூட்டியிருக்கு. திறந்திருக்கிற கடையில கூட்டம் இருக்காதா?”

“உனக்குப் பொறாமை” என்றார்.

அதற்கப்புறம் ஒரு காலை நேரம். பூட்ஸைக் கழற்றாமல் ஹார்லன் சமையலறைக் கதவு வரை வந்து நின்றார். “லவான்” என்று கூப்பிட்டது பாதிக் குரலில்தான். திரும்பிப் பார்த்தேன். கையுறை இல்லாத வெறும் உள்ளங்கையில் ஒரு சிஸ்கின் உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் உப்பி, பஞ்சுருண்டை மாதிரி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு.

“தானா வந்துச்சு. கையை நீட்டினேன், ஏறிக்கிச்சு. நான் கூப்பிடவே இல்ல.”

சொல்லிவிட்டு வழக்கம் போலக் கனைத்தார். குருவி அசையவில்லை.

“பாரு! பயமே இல்ல!” அவர் கண்ணிலிருந்து தண்ணீர் மீசைக்கு வந்துவிட்டது. அந்த மனிதரை அப்படி நான் பார்த்தது சோன்யா பிறந்த அன்றைக்கு ஒரு தடவைதான். எனக்கு எங்கேயோ உறுத்தியது. வேலியில் பூனை போனாலே பறக்கிற ஜாதி இது, இப்படி உட்காருமா? ஆனால் உறுத்தலைச் சொல்கிற முகமாக அது இல்லை. அவர் குருவியைத் திரும்பக் கொண்டுபோய் விதைக்குழாய்க்குக் கீழே இருந்த தீனித் தட்டில் விட்டுவிட்டு வந்து, தானாகவே சோன்யாவுக்கு போன் போட்டார். “உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ஒரு குருவி என்கிட்ட வந்துச்சும்மா” என்று ஆரம்பித்து வெகு நேரம் பேசினார். அவள் சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது.

மறுநாளும் அது தட்டிலேயே இருந்தது. கையை நீட்டினால் ஏறிக்கொண்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. சனிக்கிழமை காபிக்கு வரச்சொல்லிப் பறவைச் சங்கம் முழுவதையும் கூப்பிட்டுவிட்டார் ஹார்லன்.

வெள்ளிக்கிழமை டுவேன் எங்கள் சமையலறை வாசலில் பனி மண்வெட்டியோடு வந்து நின்றான். எங்கள் ஊர்க்காரர்கள் கெட்ட செய்தியோடு வந்தால் முதலில் வானிலை பேசுவார்கள். அவனும் பேசினான். பிறகு அவன் வண்டி பாட்டரியைப் பற்றிப் பேசினான்.

“டுவேன், கதவு திறந்திருக்கு, வீட்டுச் சூடெல்லாம் வெளிய போகுது. விஷயத்தைச் சொல்லு.”

“இல்ல மிஸஸ் லிண்டால்... அந்தக் குருவி... அது பழகின குருவி இல்ல. அதுக்குச் சீக்கு. பறக்கத் தெம்பு இல்லாமத்தான் உக்காந்திருக்கு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வேலிக்கு எங்க பக்கம் தினமும் ரெண்டு மூணு செத்து விழுது. இதே மாதிரி உப்பிக்கிட்டு இருந்துட்டுத்தான் விழுது. நான்தான் எடுத்துப் பனியில புதைக்கிறேன்.”

“எத்தனை நாளா?”

“போன வாரத்துலேர்ந்து.”

“ஒரு வாரமா எங்க வீட்டுப் பொணத்தை எடுத்துப் புதைக்கிறே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலியா?”

“சொன்னா மிஸ்டர் லிண்டாலுக்கு மனசு கஷ்டமாயிடுமே. நீங்க சொல்லிடுங்களேன். மெதுவா, அவர் நல்ல மூடுல இருக்கறப்போ.”

அவர் நல்ல மூடில் இருந்தார், அதுதான் கஷ்டமே. அன்று சாயங்காலம் சனிக்கிழமைக்காகத் தன் டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சீட்டியடித்தார். குருவியைப் பார்க்கக் கழுத்தில் டை! நான் வாயைத் திறந்தேன். “ஹார்லன்” என்றேன். “ம்?” என்று திரும்பினார். “கேக் மாவுல ஆரஞ்சுத் தோல் போடவா, வேண்டாமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன். ஊரைத் திட்டுகிற வாய்க்கு அன்று அவ்வளவுதான் வந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு பதிமூன்று பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு குருவியைப் பார்க்க. கொல்லையில் பனியை மிதித்து அரைவட்டமாக நின்றார்கள். ஹார்லன் தட்டுக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். குருவி ஏறவில்லை. அவர் விரலை அதன் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிக்கொண்டார்.

“தானா வருது, பாருங்க. பயமே கிடையாது.”

இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது, எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்தே புரிந்தது. சிஸ்கின்களுடைய சீக்கைப் பற்றிச் சங்கத்தில் படம் காட்டிப் பாடம் எடுத்ததே பல் டாக்டர்தான். அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாங்க் மேனேஜர், “இது கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு” என்றார். இந்த ஊரில் அதைவிடக் கடுமையாக யாரையும் யாரும் பேசிவிட முடியாது.

பாஸ்டர் கரின் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “ரொம்ப... அமைதியா இருக்கு, இல்லையா?”

“நம்பிக்கைதான் காரணம்” என்றார் ஹார்லன். “அவசரப்படக் கூடாது. அதுக்கு நாம யாருன்னு தெரியற வரைக்கும் பொறுமையா இருக்கணும்.”

“ஆமா, ஆமா” என்று எல்லாரும் தலையாட்டினார்கள். டுவேன் என்னைப் பார்த்தான். நான் டுவேனைப் பார்த்தேன்.

அவர் பொறுமையைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே குருவி ஒருபக்கமாகச் சரிந்தது. கால் இரண்டும் ஒருமுறை விறைத்துச் சுருண்டன. ஹார்லன் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைப் பார்த்தார்.

ஒருத்தர் சொல்ல வேண்டுமே! பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், எல்லாருக்கும் கண் இருக்கிறது. கரின்தான் வாயைத் திறந்தாள். தினம் தினம் சாவு வீட்டுக்குப் போய் ஜெபம் செய்கிறவள்.

“தூங்கிடுச்சு போலிருக்கு” என்றாள்.

“கையில சூடு இருக்குல்ல, அதான்” என்றார் பல் டாக்டர்.

“களைப்பா இருக்கும்” என்றது இன்னொரு குரல். “நாம உள்ள போய்க் காபி குடிக்கலாமே, அது தூங்கட்டும்.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “செத்துப்போச்சு, ஹார்லன்!” என்றேன். கொல்லை முழுக்கக் கேட்டிருக்கும். “அதுக்குச் சீக்கு. முதல் நாளே சீக்கு. உன் குழாயிலேர்ந்து வந்த சீக்கா இருக்கும். இன்னும் நிறையச் செத்திருக்கு, டுவேன் எடுத்துப் புதைச்சிருக்கான். இவங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் நேத்தே தெரியும்.”

ஹார்லன் அரைவட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். “தெரிஞ்சும் ஏன் யாரும் சொல்லல?”

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐம்பது வயதுப் பெஞ்சு வரிசை. டுவேன் மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “சொல்லலாம்னுதான் இருந்தேன், மிஸ்டர் லிண்டால். நீங்க கனைச்சீங்க” என்றான்.

எங்கள் ஊரில் விருந்தாளிகள் கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகு வாசலில் ஒரு மணி நேரம் நிற்பது வழக்கம். அன்றைக்கு ஐந்தே நிமிஷத்தில் ஒரு கார் இல்லை. சுட்டு வைத்த கேக் துண்டுகள் அப்படியே மேஜையில் கிடந்தன.

ஹார்லன் கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். குருவியை மேஜைமேல் தன் கைக்குட்டையில் வைத்திருந்தார். சாப்பிடுகிற மேஜை, செத்த பறவை. நான் கேக் தட்டை மட்டும் தள்ளி வைத்தேன்.

“பறக்க முடியாததுதான் என்கிட்ட வந்திருக்கு” என்றார் அவர். “பறக்க முடிஞ்சதெல்லாம் பறந்துபோச்சு.”

நான் கோப்பைகளை அடுக்கினேன். தப்பாகத்தான் அடுக்கினேன், அவர் கவனிக்கவில்லை.

“லவான். நீயும் அப்படித்தானா?”

“முதல்ல எழுந்து கையைக் கழுவு. அந்தச் சீக்கு மனுஷனுக்கும் தொத்தும்.”

எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அந்த முதுகு இவ்வளவு குறுகியிருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைப் பார்த்துச் சொல்வது முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது.

“சோன்யா மூணாம் கிளாஸ் படிக்கிறப்போ அவளைக் கூட்டிக்கிட்டு ஃபார்கோவுக்கு அக்கா வீட்டுக்குப் போனேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. உங்க அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன்.”

“அக்காவுக்கு முழங்கால் நல்லாத்தான் இருந்துச்சு, ஹார்லன்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவில்லை. ஈஸ்டர் வரைக்கும் நான் அங்கே இருந்தது, சோன்யாவுக்குப் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் கேட்டது எல்லாம் ஒவ்வொன்றாக அவர் தலைக்குள் போய் உட்கார்வது எனக்குத் தெரிந்தது.

“அப்போ ஏன் திரும்பி வந்தே?”

பிரின்சிபால் கேட்கிற கேள்வியெல்லாம் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது. இதற்கு அவரிடம் பதில் இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“நீ கூப்பிடவே இல்ல. ஒரு தடவைகூட ‘எப்போ வர்றே’ன்னு கேக்கல. கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்.”

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். “நான் முழங்கால்னு நம்பினேன், லவான். அதான் கூப்பிடல.”

“தெரியும்” என்றேன். “சோப்பு போட்டு நல்லாத் தேய்.”